கொலைகாரன் ஏன் கல்லடிப் பாலத்துக்கு வந்தான்?

போன ஞாயிறு எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு கூட்டம். கூரை ஒழுகுகிறது. இரண்டு அலுமாரியைக் கறையான் முடித்துவிட்டது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதோடு இந்தியப் புத்தகங்களை விலை கேட்கவே பயமாகிவிட்டது. காசு சேர்க்க வழி பார்க்கத்தான் கூடினோம். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களிடம் கேட்போம் என்றார் ஒருவர். எம்பியைக் கூப்பிடுவோம் என்றார் இன்னொருவர். எம்பி வந்தால் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் தனியாக ஒரு நிதி சேர்க்க வேண்டிவரும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மறுகா எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அதிபர் எழும்பினார். "முதல்ல இந்தக் கொலைக்கதைக் குப்பையெல்லாத்தையும் கழிச்சுப்போட்டு நல்ல புத்தகம் வைப்பம். அதைப் பார்த்தாத்தான் காசு தாறவனுக்கும் மனசு வரும்."

அவரிடம் அடி வாங்கிப் படித்தவன் நான். ஐம்பது பேருக்கு முன்னால் வாய் திறக்க ஏலவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சேர், அந்தக் குப்பைதான் இந்த வாசிகசாலைக்கு ஆள் கொண்டுவருகிறது. இரவல் பதிவேட்டை ஒருக்கால் புரட்டிப் பாருங்கள். கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல் எழுதியவர். எங்கள் றாக்கையில் அவருடையது இருபது, இருபத்தைந்து கிடக்கும், ஒன்றுக்காவது ஒழுங்கான அட்டை இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற பெரிய தொகுதிகளெல்லாம் வாங்கின அன்று போலவே மினுங்குகின்றன. தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கிருந்து பஸ்ஸில் அரைமணி. அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். அவர் எழுதின யாழ் நூலைப் பிறகு நானும் எடுத்துப் பார்த்தேன்தான். ஆனால் பதின்மூன்று வயதில் என்னை இந்த வாசலுக்குள் இழுத்தது கிணற்றுக்குள் மிதந்த ஒரு பிணம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமி அன்று வாசிகசாலைக்குள் இடுப்பளவு தண்ணீர். தப்பின புத்தகங்களை முற்றத்தில் பன்பாய் விரித்துக் காயவைத்தார்கள். காய்ந்ததும் ஒவ்வொன்றும் பணியாரம் மாதிரி ஊதிப்போயிருந்தது. அதில் ஒன்றைத்தான் பிறகு நான் இரவல் எடுத்தேன். அட்டை இல்லை, எழுதினவர் பெயர் இல்லை, கடைசி எட்டுப் பக்கமும் இல்லை. ஒட்டிப்போனதை யாரோ பிரிக்கப் போய்க் கிழித்திருக்க வேண்டும். அந்த இடத்தில் கோடு போட்ட கொப்பித் தாள் இரண்டு, சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தது. நீல மை, ஒடுக்கமான எழுத்து. இரண்டு தாளிலும் கதையின் முடிவு.

கதை நடக்கிறது கோயம்புத்தூரில். கொப்பித் தாளில் கொலைகாரன் இலங்கையில், நம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் வைத்துப் பிடிபடுகிறான்! எப்படி வந்தான், கப்பலிலா, ஒன்றும் இல்லை. பாலத்தில் மீன் வாங்க நின்ற ஒரு கிழவி அவனுடைய செருப்பைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிறாள். யார் எழுதினது என்று நூலகர் அக்காவிடம் கேட்டேன். "ஒரு புள்ள எழுதித் தந்தா மனே, முடிவில்லாமப் படிச்சா நித்திரை வராதாம்" என்றா. பல வருடம் கழித்து வெள்ளவத்தையில் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு நாவலைத் தட்டினேன். முதல் பக்கத்திலேயே அந்தக் கிணறு. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். கொலைகாரன் டொக்டர், நாலு வரியில் தானாகவே ஒப்புக்கொள்கிறான். சப்பென்று போய்விட்டது. கிழவியின் செருப்புத்தான் எனக்கு இன்றைக்கும் சரியான முடிவு.

அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில் கரின் ஸ்லோட்டர் என்று ஒரு குற்றக்கதை எழுத்தாளர் இருக்கிறார். ஸ்லோட்டர் என்றால் வெட்டிக் கொல்வது. புனைபெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான், வேறென்ன எழுதுவார் பாவம். நூலகங்களைக் காப்பாற்றவென்றே ஒரு அமைப்பைத் தொடங்கி, டிகால்ப் என்ற பகுதியின் பொது நூலகத்துக்கு மட்டும் மூன்று லட்சம் டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். ஏலம் விட்டு, கூடக் காசு கொடுத்தவரின் பெயரை அடுத்த நாவலில் ஒரு பாத்திரத்துக்கு வைக்கிறார்கள். நம்மூரில் அதைச் செய்தால் தன் பெயரைப் பிணத்துக்கு வைக்க ஒருத்தரும் விடமாட்டார். மச்சானுடைய பெயரை வைக்கச் சொல்லி இரண்டாயிரம் கூட்டித் தருவார்.

ஆகவே என் யோசனை இது. நம் பக்கத்து எழுத்தாளர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மர்மக்கதை எழுதித் தரட்டும், வாவிக்கரையிலேயே நடக்கிற கதையாக. கடைசிப் பக்கங்கள் இல்லாமல் அச்சடித்து 500 ரூபாய்க்கு விற்போம். முடிவை வாங்கினவர்கள் எழுதட்டும். ஒரு பௌர்ணமி இரவு வாசிகசாலை முற்றத்தில் எல்லாவற்றையும் வாசித்து, கூடக் கைதட்டு வாங்கினதை நூலகப் பிரதியில் ஒட்டுவோம். இங்கே எழுத ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1970களில் இந்தியச் சஞ்சிகை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது வீரகேசரிப் பத்திரிகையின் பிரசுரமாக நம்மவர் நாவல்கள் வரிசையாக வந்தன, சனமும் வாங்கிப் படித்தது.

கூட்டம் முடிந்து கிறுகினபோது, கழிக்கவென்று கயிறு போட்டுக் கட்டி வைத்த கட்டு கதிரைக்குக் கீழே இருந்தது. மேலிருந்து மூன்றாவது அந்தக் கிணற்றுப் புத்தகம். உருவி எடுத்து, முறைப்படி பதிந்து, இரவல் கொண்டுவந்துவிட்டேன். சோற்றுப் பசை மஞ்சளாகிவிட்டது, எழுத்து இன்னும் வாசிக்கலாம். எழுதின அக்கா இந்தப் பதிவைப் பார்த்தால் பெயரெல்லாம் சொல்ல வேண்டாம், அவன் கோயம்புத்தூரிலிருந்து கல்லடிக்கு எப்படி வந்தான் என்று மட்டும் எழுதுங்கள்.