வளர்ந்த பூனை ஒட்டாது என்பது தவறு

"காப்பகத்திலிருந்து வளர்ந்த பூனையை எடுக்காதீர்கள், இரண்டு மாதக் குட்டியாக எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் மனம் மாறிவிட வேண்டாம். ஏற்கெனவே குட்டிகளுக்குத்தான் சீக்கிரம் ஆள் கிடைக்கிறது. வளர்ந்தவை இடமில்லாத கூண்டுகளில் மாதக்கணக்கில் கிடக்கின்றன.

அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பிறந்து 2 முதல் 7 வாரம் வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டி, பிற்காலத்தில் மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாது. ஆனால் அது பொதுவாக மனிதர்களோடு பழகும் பருவம், ஒரே ஓர் ஆளோடு மட்டும் அல்ல. ஒரு வீட்டில் வளர்ந்து, அந்தக் குடும்பம் ஊர் மாறியதால் காப்பகத்துக்கு வந்த 4 வயதுப் பூனைக்கு அந்தப் பழக்கம் இருக்கும். புதியவர்களிடமும் ஒட்டும்.

முதல் சில நாள் கட்டிலுக்கடியில் ஒளியும், சரியாகச் சாப்பிடாது. இதைப் பார்த்தே பலர் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள், பாவம். ஓர் அறையில் மலம் கழிக்க மண் நிரப்பிய தட்டு, சாப்பாடு, தண்ணீர், ஒளிய ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள். இழுத்துத் தூக்காதீர்கள், அதுவாக வரட்டும். ஒரு நாளுக்கு மேல் எதுவுமே தின்னவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி பூனையின் கல்லீரலைக் கெடுக்கும்.

அப்புறம், நெரிசலான காப்பகங்களில் சளியும் படர்தாமரையும் எளிதில் பரவும். வீட்டில் வேறு பூனை இருந்தால் புதிய பூனையை இரண்டு வாரமாவது தனியறையில் வையுங்கள்.