யானைக்கு பேர் இருக்கு

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், ஃபிளின்ட் பக்கத்துல டுராண்ட்னு ஒரு சின்ன ஊர், மொத்தமே 3,500 பேர் சொச்சம்தான், ஆனா ஸ்டேஷன் 239 அடி நீளம், அரண்மனை மாதிரி நிக்குது. ஏன்னா கிராண்ட் டிரங்க் லைனும் ஆன் ஆர்பர் லைனும் குறுக்க வெட்டிக்கிற இடம் இது, வண்டி மாறணும்னா இங்கதான் இறங்கி உக்காந்திருக்கணும், ஒரு காலத்துல நாளைக்கு 40 பாசஞ்சர் வண்டிக்கு மேல. 1903ல கட்டின இந்த ஸ்டேஷன் 1905ல எரிஞ்சுபோச்சு, அதே வருஷம் திரும்ப கட்டிட்டாங்க (இப்ப ஒரு பாலத்துக்கு பெயின்ட் அடிக்கவே எவ்ளோ நாள் ஆகுது).

ஊரைப் பத்தி பேசுற யாரும் சர்க்கஸ் ரயில் விபத்தை விட மாட்டாங்க. 1903 ஆகஸ்ட், ஸ்டேஷன் வேலை இன்னும் முடியல, விடியறதுக்கு முன்னாடி வாலஸ் சர்க்கஸோட முதல் வண்டி யார்டுல நிக்குது, பின்னாடி வந்த ரெண்டாவது வண்டி நேரா வந்து மோதிடுச்சு. ஏர் பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் சொன்னார். இருபது பேருக்கு மேல போயிட்டாங்க, பல பேர் தூக்கத்துலயே, கூடவே ஒட்டகம், ஒரு யானை. யானை பேரு மாட்.

எனக்கு உறுத்துறதே இங்கதாங்க. செத்தவங்கள்ல நிறைய பேர் கூடாரம் அடிக்கிற, சாமான் இறக்குற கூலியாளுங்க, ஒரு ஊர்ல சேருவாங்க அடுத்த ஊர்ல கழண்டுக்குவாங்க, அதுல சில பேர் யாரு எவருன்னே தெரியாம அங்கயே புதைச்சுட்டாங்க. நூத்தி இருபது வருஷம் கழிச்சும் யானை பேரை கரெக்டா சொல்றோம்.

ஸ்டீம் எஞ்சின் பிரியர்களும் இதே கதைதான். 1960 மார்ச் 27, டெட்ராய்ட்லேர்ந்து டுராண்டுக்கு அமெரிக்காவோட கடைசி ரெகுலர் ஸ்டீம் பாசஞ்சர் வண்டிகள்ல ஒன்னு ஓடுச்சு, எஞ்சின் நம்பர் 6323, இல்லினாய் ரயில்வே மியூசியத்துல பத்திரமா இருக்கு. அதோட நெருப்பைப் பாத்துக்கிட்டவங்க, யார்டுல ராத்திரி பூரா லாந்தர் பிடிச்சு பெட்டி கோர்த்தவங்க எத்தனை பேரை நமக்கு தெரியும்?

ஊர்க்காரங்களை குறை சொல்லல. 1974ல ஸ்டேஷனை மூடினப்ப இடிச்சிருக்கலாம், 1979ல நகரமே 1 டாலருக்கு வாங்கி காப்பாத்திடுச்சு, உள்ள ரயில் மியூசியமே வச்சிருக்காங்க. இப்ப பாசஞ்சர்னா புளூ வாட்டர்ங்கிற வண்டி மட்டும்தான், தினமும் சிகாகோவுக்கு ஒன்னு, அங்கேர்ந்து ஒன்னு. போறவங்க ஸ்டேஷன்லயே நின்னுடாதீங்க, அந்த கல்லறைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க.