ராத்திரி பத்து மணிக்கு வரும் படிவம்

"ஒன்றரைக்கு மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், டீச்சர்மாருக்கு என்ன ஸ்ட்ரெஸ்?" இதை அடிக்கடி கேட்கிறேன். இலங்கையின் மலையகத்தில் உயர்தர (ஏ/எல்) வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது எங்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. நாங்களாகவே பழகினோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பெரிய விஷயம். அம்மா கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து திரும்பிய பிறகுதான் அது பிள்ளையின் கைக்கு வரும். ஸூமுக்கு டேட்டா கட்டாது என்பதால் பாடத்தைப் பேசிப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். சந்தேகங்கள் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வரும். பதில் சொன்னோம். மனமுவந்து செய்த வேலை அது.

பாடசாலை திறந்தது. பிள்ளைகளுக்காகத் திறந்துவைத்த அந்த ராத்திரி நேரத்தை அப்புறம் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. என் கோபம் இதில்தான்.

இப்போது ஆசிரியர் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு படம் விழும். அச்சடித்த படிவத்தை யாரோ சாய்வாகப் போனில் எடுத்தது, கைமாறிக் கைமாறி எழுத்தே மங்கிப்போயிருக்கும். பல நேரம் சிங்களத்தில் மட்டும். கீழே "அவசரம், நாளை காலை 8 மணிக்கு முன்". கேட்பது என்ன? போன தவணை கொடுத்த அதே மாணவர் விவரம், வேறு கட்டங்களில். எக்செல்லில் பாதி நிரப்பும்போது காற்றுமழைக்குக் கரண்ட் போகும், கூடவே சிக்னலும். நீல டிக் விழுந்துவிட்டால் பார்த்தாயிற்று என்று கணக்கு. காலையில் பாடசாலை அதிபர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலிடத்து அழுத்தம். போனும் டேட்டாவும் எங்கள் காசு.

2021 ஜூலை 12 முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1997 முதல் இழுபட்ட சம்பள முரண்பாடு அதில் பேசப்பட்டது, நியாயம்தான். எங்கள் ராத்திரிகளைப் பற்றி அன்றும் பெரிதாகப் பேச்சு எழவில்லை, இன்றும் இல்லை.

நஷ்டம் எங்களுக்கு மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு விடையை எழுதி, படமெடுத்து, "சரியா மிஸ்?" என்று அனுப்பியிருக்கும். அது படிவங்களுக்கும் "ஓகே சேர்"களுக்கும் அடியில் போய்விடும். டியூஷனுக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு பதில்தான் டியூஷன். உடம்பு அசதியைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விவரம் வேண்டுமென்றால் பாடசாலை நேரத்தில், தமிழில், ஒரே படிவமாகக் கேளுங்கள். குறைந்தது மூன்று வேலை நாள் தாருங்கள். தரவு ஏற்றுவதற்கென்று பாடசாலைக்கு ஓர் ஆளும் ஒரு கணினியும் கொடுங்கள். இந்த விவரங்களைக் கேட்கும் வலயக் கல்வி அலுவலகத்தில் இருப்பவர்களில் பலர் நேற்றுவரை எங்களோடு ஆசிரியர் அறையில் இருந்தவர்கள்தான். மாலை ஐந்துக்குப் பிறகு அந்தக் குரூப்புகளைப் பூட்டிவைக்க அவர்களுக்குச் சுற்றறிக்கைகூடத் தேவையில்லை.