உக்கிராணக்காரன் படிப்பு

அக்கா மகள் எம்பிஏ சேரப் போகிறாள். போன ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவள், அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே பளபளவென்று ஒரு கையேட்டை என் மடியில் போட்டு, "மாமா, நீங்களும் கிறிஸ்டியன் காலேஜ்லதானே எம்பிஏ படிச்சீங்க, இதுல சேரலாமா?" என்றாள். அட்டையில் சிலுவை, அதற்குக் கீழே கோட் போட்ட நாலு பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அதற்கும் கீழே 'விசுவாசம், நேர்மை, தலைமைத்துவம்'. இரண்டு வருடத்துக்கு ஏழு லட்சம், விடுதி தனி. குழம்பு இறக்குகிற வரைக்கும் அவளிடம் பேசினேன். பேசித் தீரவில்லை, அதனால் மிச்சம் இங்கே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேதம் ஒரு பக்கம் வியாபாரம் ஒரு பக்கம், இரண்டையும் எதற்குக் கலக்கிறீர்கள் என்று கேட்கிற ஆள் நான் இல்லை. இயேசு சொன்ன கதைகளில் பல கூலி, கடன், வட்டி, குத்தகை என்றுதான் போகும். லூக்கா 16-ல் எஜமானுடைய ஆஸ்தியை விரயம் பண்ணி மாட்டிக்கொண்ட ஒருவன் வருகிறானே, அவனுக்குப் பழைய தமிழ் வேதாகமத்தில் பெயர் உக்கிராணக்காரன். நம் ஊர்க் கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி யாராவது ஒரு பெரியப்பா இடுப்பில் தொங்கும், பார்த்திருப்பீர்கள். தேங்காயும் சீனியும் அவருடையது இல்லை, சாவி மட்டும்தான் அவருடையது, காலையில் எத்தனை மூட்டை இருந்தது ராத்திரி எத்தனை மிச்சம் என்று அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். மேனேஜருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. (அந்தக் கதையில் எஜமான் கடைசியில் அந்தத் தில்லுமுல்லுக்காரனைப் புத்திசாலி என்று மெச்சவும் செய்கிறார். நான் கேட்ட பிரசங்கங்களில் அந்த இடம் வந்ததும் ஐயர்மார், அதாவது எங்கள் சபைப் போதகர்கள், கொஞ்சம் வேகமாக அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்கள்.)

இந்தியாவில் இந்தப் படிப்புக்கு ஆரம்பத்தில் வழி போட்டவர்களில் பாதிரியார்களும் உண்டு. ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைப் பள்ளி 1949-ல் வந்தது, ஆரம்பித்தவர் குவின் என்ரைட் என்ற இயேசு சபைப் பாதிரியார். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐஐஎம் வந்தது அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1961-ல். எக்ஸ்எல்ஆர்ஐ பெயரில் இருக்கிற 'எல்' லேபர். தொழிலாளர் உறவு. இரும்பாலை ஊரில் தொழிலாளியும் நிர்வாகமும் எப்படி உட்கார்ந்து பேசுவது என்பதில்தான் அந்தப் பள்ளிக்கூடமே தொடங்கியது. அந்த எண்ணத்துக்கு வேர், 1891-லேயே போப் பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடலில் இருக்கிறது. தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக இருக்கிற ஒருவன் பிழைக்கிற அளவுக்காவது அது இருக்க வேண்டும் என்று அதில் சொன்னார். சென்னை லயோலா கல்லூரி வளாகத்தில் லிபா என்ற மேலாண்மைப் பள்ளி 1979-ல் வந்தது. இன்னொரு பொருத்தமும் உண்டு, அமெரிக்காவில் வார்ட்டன் வணிகப் பள்ளியை, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துக்காரரான ஜோசப் வார்ட்டன் பணத்தில் தொடங்கியது 1881, நம் மதுரையில் மிஷனரிகள் அமெரிக்கன் கல்லூரியைத் தொடங்கியதும் அதே 1881. இதனால் எதுவும் நிரூபணமாகாது, சொல்லத் தோன்றியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் படித்த கல்லூரி மதுரையில் இல்லை, வேறு மாவட்டம், பெயர் வேண்டாம். 2007-ல் சேர்ந்தேன். புதன்கிழமை தோறும் சிற்றாலய ஆராதனை, கடைசி செமஸ்டரில் வணிக அறவியல் என்று ஒரு தாள். அந்த செமஸ்டர் தொடங்கிய ஜோரில், 2009 ஜனவரி 7-ம் தேதி, சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிவிட்டார், கணக்கை ஏழாயிரம் கோடிக்கு மேல் திரித்துக் காட்டினோம் என்று. அதற்குச் சில மாதம் முன்னால்தான் நல்ல நிர்வாகத்துக்கென்று அந்தக் கம்பெனிக்குத் தங்க மயில் விருது கொடுத்திருந்தார்கள். எங்கள் பேராசிரியர் பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு மூன்று வாரம் சத்யத்தையே நடத்தினார், நல்ல வாத்தியார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆடிட்டர் எங்கே கோட்டை விட்டார், போர்டு ஏன் கேட்கவில்லை என்று நாங்களும் ஆளாளுக்குக் கிழித்தோம்.

அந்த மூன்று வாரத்துக்குள் ஒரு ராத்திரி விடுதி மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற அண்ணன் என்னிடம் வந்து இருநூறு ரூபாய் கைமாற்றாகக் கேட்டார். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லையாம். கான்ட்ராக்டரிடம் கேட்டால், காலேஜில் பில் பாஸ் ஆகவில்லை, நான் எங்கே போவேன் என்கிறாராம். மறுநாள் வகுப்பில் நான் எழுந்து, ஏழாயிரம் கோடி இருக்கட்டும் சார், நம்ம மெஸ் பில் ஏன் பாஸ் ஆகவில்லை என்று கேட்டேன். பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். சார் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "அது அட்மினிஸ்ட்ரேஷன் விஷயம்ப்பா" என்றார். அதே வாரம் ஆடிட்டோரியத்தில் ஊழியத் தலைமைத்துவம், அதாவது வேலைக்காரனைப் போலத் தாழ்ந்து நின்று தலைமை தாங்குவது பற்றிச் சிறப்புச் சொற்பொழிவு, இருபதடி பேனர், வந்தவருக்குச் சால்வையும் பழக்கூடையும். வயல் அறுத்தவனின் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே, அந்த அதிகாரத்தை நான் அந்த வாரம் போலப் பிறகு எப்போதும் வாசித்ததில்லை.

அக்கா மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு கிறிஸ்தவக் கல்லூரி மற்ற எல்லாக் கம்பெனிக் கணக்கையும் வகுப்பில் பிரிக்கட்டும், ஆனால் முதல் கேஸ் ஸ்டடி அந்தக் கல்லூரியின் சொந்தக் கணக்காக இருக்க வேண்டும். வாட்ச்மேனுக்கு எத்தனாம் தேதி சம்பளம், துப்புரவு அக்காக்களுக்கு பி.எஃப். கட்டுகிறார்களா, வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா. நன்கொடை வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது என்று 2006-ம் வருடச் சட்டம் சொல்கிறது. சட்டம் கேட்கிற அளவுக்குக்கூட வராத இடத்தில் சிலுவையை அட்டையில் போட்டு என்ன பிரயோஜனம்?

கமென்ட்டில் யாராவது வந்து, பக்தியுள்ள பிள்ளைகளாகச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. அமெரிக்காவில் கணக்கு மோசடியில் சிக்கிய என்ரான் கம்பெனியை நடத்திய கென்னத் லே ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். அந்தக் கம்பெனியின் கொள்கை வாசகத்தில் நேர்மை என்ற வார்த்தையும் இருந்தது, 2001-ல் மூழ்கியது.

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். டவுன்ஹால் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில் அச்சகம் வைத்திருந்தார், ஒரு ட்ரெடில் மெஷின், மூன்று ஆட்கள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மூன்று பேருக்கும் கூலி கொடுத்துவிடுவார், கையில் இல்லாத வாரம் அம்மாவின் வளையல் போகும். சிவகாசி ஆஃப்செட் வந்து பாதி வேலை அங்கே போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அதே அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவரிடம், "பில் வேணுமா, பில் இல்லாமப் போட்டுரலாமா?" என்று கூசாமல் கேட்பார். விற்பனை வரி ஏய்ப்பு பாவம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் சபையில் பாவம் என்றால் குடி, சீட்டாட்டம், சினிமா, இந்த மூன்றையும் சுற்றித்தான் வரும். முப்பது வருடத்துப் பிரசங்கத்தில் ஒரு தடவைகூட பில் புத்தகம் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கந்துவட்டிக்கு விட்டுச் சம்பாதித்தவர் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்தால் கைதட்டுவோம். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தபோதும் எங்கள் ஆலய மணி ஒரே மாதிரிதான் அடித்தது.

அதனால்தான் இந்தப் படிப்பு தேவை என்கிறேன். பிரசங்க மேடை தொடாத இடத்தைத் தொடுவதற்கு. மத்தேயு 20-ல் வருகிற திராட்சத்தோட்டக் கூலியாட்கள் கதையை மனிதவள வகுப்பில் வையுங்கள். விடிகாலையில் வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம். முன்னால் வந்தவன் முறுமுறுக்கிறான், அவன் முறுமுறுப்பிலும் நியாயம் இருக்கிறது. தூக்குவாளியோடு முக்கில் நின்று, யாரும் கூப்பிடாமல் பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்புகிற சித்தாளுக்கும் அன்று ராத்திரி அரிசி வாங்கியாக வேண்டுமே. இதை வைத்து ஒரு சம்பளக் கொள்கை எழுதிக்கொண்டு வா என்று பிள்ளைகளைப் பிழிந்தெடுத்தால் அது படிப்பு.

இது கிறிஸ்தவர்களால் மட்டும் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. மதுரை அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கியது, ஹார்வர்டில் பாடமாக வைக்கிறார்கள். அவர் ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர். காசு கட்டுகிறவர் பணத்தில் கட்ட முடியாதவருக்கும் ஆபரேஷன் நடக்கிற மாதிரி விலையையே அமைத்துவிட்டார். பக்தி சுவரில் மாட்டிய படத்தோடு நிற்காமல் கட்டணப் பட்டியலுக்குள் போய்விட்டது. எங்கள் கல்லூரியில் இதையும் நடத்தினார்கள், பவர்பாயின்ட் நன்றாக இருந்தது.

நேற்று ராத்திரி அக்கா மகள் போன் பண்ணினாள். கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். "மாமா, வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன். அஞ்சாந் தேதி சம்பளம் வந்துருமாம். பி.எஃப். புடிக்கிறாங்களான்னு கேட்டா சிரிக்கிறாரு. ஆபீஸ்ல வளர்ச்சி நிதின்னு ஒண்ணு சொன்னாங்க, ரசீது உண்டான்னு கேட்டேன், அப்பாவைக் கூட்டிட்டு வாம்மான்னுட்டாங்க."

முதல் தவணை கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். அத்தான் என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்.