வால்வைக் கழற்றிப் போட்டால் இன்ஜின் சூடு தணியாது

பழைய கார் ஹீட் ஆகிறது என்று சொன்னதுமே பலரும் சொல்கிற முதல் யோசனை இதுதான்: "தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி வீசிடுங்க, சரியாயிடும்." நன்றாக வேலை தெரிந்த மெக்கானிக்குகள்கூட இதைச் சொல்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோளாறு எங்கே என்று தேடச் சோம்பல்பட்டுச் செய்கிற வேலை இது. சில இன்ஜின்களில் சூடு இன்னும் கூடிவிடும்.

வால்வுக்குள் மெழுகு நிரப்பிய சின்னக் குப்பி ஒன்று இருக்கும். சூட்டில் மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும். பெரும்பாலானவை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அந்த எண் வால்வின் மேலேயே பொறித்திருக்கும். அது திறக்கும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். பல இன்ஜின்களில் வால்வின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. மேலே ரேடியேட்டர் வழி திறக்கத் திறக்க, கீழே அது பைபாஸை மூடிக்கொண்டே வரும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸை மூட ஆள் இல்லை. கொதிக்கிற கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் பம்புக்குத் திரும்பிவிடும். மேட்டில் ஏறும்போது டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுவது இதனால்தான்.

அடித்தட்டு இல்லாத இன்ஜின்களில் நேர்மாறு. இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் தேவைக்கு மேல் போகும், மைலேஜ் குறையும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறாகும், சிலிண்டரின் உட்சுவரான போர் தேயும். முள் கீழேயே நிற்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மனசு நம்பும், அவ்வளவுதான்.

வால்வு நல்லதா கெட்டதா என்று அடுப்படியிலேயே பார்த்துவிடலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். பொறித்திருக்கும் எண்ணுக்கு அருகில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறக்க வேண்டும். ஆறியதும் முழுசாக மூட வேண்டும். இதில் எது தவறினாலும் புதுசு போடுங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்தபடி, காற்று போகும் சின்ன ஊசி மேலே இருக்கும்படி, கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் புதுசாகப் போட்டுப் பொருத்துங்கள்.

வால்வு நல்லது என்று தெரிந்துவிட்டால், அடுத்து கேட்க வேண்டியது ஒரே கேள்வி. வண்டி எப்போது சூடேறுகிறது?

டிராஃபிக்கில் நின்றால் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் ஃபேன் பக்கம் பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃப்யூஸ், ரிலே, ரேடியேட்டரில் உள்ள ஹீட் ஸ்விட்ச், கடைசியாக மோட்டார் என்ற வரிசையில் போங்கள். ஹீட் ஸ்விட்ச் இரண்டு ஒயர் வகையானால் இக்னிஷனைப் போட்டு, கனெக்டரைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஃபேன் சுற்றினால் கோளாறு ஸ்விட்சில். ரிலே இல்லாமல் ஃபேனுக்கு நேரடியாக ஒயர் இழுத்து டேஷ்போர்டில் ஒரு பட்டன் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டன் அத்தனை கரன்டைத் தாங்காது, ஒயர் உருகும். பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் என்றால், சூடான இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிய வேண்டும். தட்டிவிட்டால் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஃபேனுக்குள் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச் போய்விட்டது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு உடைந்திருந்தாலும் இதே தொல்லைதான், காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் ஓரத்தில் சுற்றி வரும்.

நகரத்துக்குள் சமர்த்தாக ஓடி, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் ஏறுகிறதா? காற்றுக்குக் குறையில்லை, கூலன்ட் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்திருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை அளந்தால், அடைத்த இடம் மட்டும் சில்லென்று காட்டும். வாட்டர் பம்பின் இறக்கைகள் துருப்பிடித்துக் கரைந்திருக்கலாம். பலர் கவனிக்காத இன்னொன்று கீழ் ஹோஸ். அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். ரப்பர் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங்கும் துருப்பிடித்துப் போயிருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஹோஸ் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பானட்டைத் திறந்து வைத்து ஒருவர் ரேஸ் பண்ண, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் கண்ணிலேயே தெரியும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பார்ட்ஸாகவே மதிப்பதில்லை. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும், பார் கணக்கில் அழுத்தம். 0.9 பார் தாங்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் 100-க்கே கொதித்து வெளியே தள்ளும். வண்டி ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாகக் கிடந்தால், மூடியின் நடுவில் இருக்கும் குட்டி வால்வு திறக்கவில்லை என்று அர்த்தம். ரிசர்வ் பாட்டில் நிரம்பி வழிய, ரேடியேட்டர் மட்டும் குறைந்துகொண்டே போனாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடியைத்தான். ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள், அதே அழுத்தத்தில்.

கூலன்ட் விஷயத்தில் பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம். டப்பாவில் எழுதியிருக்கும் வகையைப் பாருங்கள். ஒத்துப்போகாத வகைகள் கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். வெறும் கூலன்டை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தவறு. தண்ணீர் அளவுக்கு அதனால் சூட்டைச் சுமக்க முடியாது. குழாய்த் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியும். லீக் அடைக்கும் பவுடர் ஊற்றவே வேண்டாம். லீக்கோடு சேர்த்து நல்ல குழாய்களையும் அது அடைக்கும்.

கூலன்ட் மாற்றிய பிறகு வண்டி ஹீட் ஆனால், ஏர் லாக், அதாவது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுதான் முதல் காரணம். ஆறிய இன்ஜினில், முன்பக்கம் சற்று உயரமாக நிறுத்தி, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்குரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்து வையுங்கள். மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை நடுநடுவே பிசைந்து கொடுங்கள். வால்வு திறந்து மேல் ஹோஸ் சூடானதும் மட்டம் சட்டென்று இறங்கும். நிரப்பி மூடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வரவில்லை என்றால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது.

இத்தனையும் நடுவழியில் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முள் ஏறுவதைப் பார்த்ததும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் சிவப்புக்குப் போனாலோ ஆவி வந்தாலோ ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஏறியிருந்த முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கூலன்ட் முழுக்கக் காலியாகி, சென்சார் காற்றில் தொங்குகிறது என்றும் இருக்கலாம். மூடியை அரை மணி நேரமாவது தொடக்கூடாது. சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும்.

வெளியே லீக் எதுவும் இல்லாமல் கூலன்ட் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் பண்ணிய ஓரிரு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். நீல நிறச் சோதனைத் திரவத்தை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு வந்தால் மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்மை படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள், குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் அது வெறும் ஈரமாகவும் இருக்கும். கழற்றியே ஆக வேண்டும் என்றால், கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடாமல், ஹெட்டின் மட்டத்தை நேர்ச்சட்டமும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. வளைவுதான் எல்லை; உங்கள் இன்ஜினுக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். அதைத் தாண்டிய ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யாமல் பூட்டினால், புது கேஸ்கெட்டும் சீக்கிரமே போய்விடும்.