ஐம்பதாண்டுக் கொண்டாட்டத்தில் வட்டுக்கோட்டையையும் நினையுங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஐம்பதாண்டு பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தேன். சேர். பொன். இராமநாதன் கட்டிய திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரியில் 1974 ஒக்டோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியது, முதல் தலைவராகப் பேராசிரியர் கைலாசபதி வந்தது, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆனால் வட்டுக்கோட்டை எங்கே? விஞ்ஞான பீடம் ஆரம்பத்தில் அங்கேதான் இயங்கியது. அதை விட்டுவிட்டது எனக்கு உண்மையிலேயே கவலை.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படித்தவன். போர்க்காலம், மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், மூடியில் சைக்கிள் வால்வு வழியாக ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் மூன்று பேர் ஒரே நோட்ஸைச் சுற்றிக் குனிந்திருப்போம். காலையில் மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சி கறுத்திருக்கும். அப்புறம் சைக்கிளை உழக்கிக்கொண்டு விரிவுரைக்கு ஓடுவோம், அங்கே விரிவுரையாளரும் வியர்க்க விறுவிறுக்க சைக்கிளில்தான் வந்து இறங்குவார்.

வெளிநாட்டு வேலை கிடைத்தும் போகாமல் நின்ற ஆசிரியர்கள் அவர்கள். ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் பார்த்துக்கொண்ட ஊழியர்களும் அப்படித்தான். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. விழா மலரில் துணைவேந்தர்களின் படங்கள் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பதிவுக் கருவியோடு இரண்டு மாணவர்களை இந்த ஆட்களின் வீடுகளுக்கு இந்த வருடமே அனுப்புங்கள்.