இலை பார்க்கப் போய் பம்பர் பார்த்துவிட்டு வந்தேன்

வெள்ளை எஸ்யூவிக்காரரே, எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். ஆனால் அமெரிக்காவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே மலைச் சாலைப் பக்கம் மட்டும் இனி வந்துவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்டோபர் சனிக்கிழமை, நிறம் மாறிய இலைகளைப் பார்க்க, வட கரோலினாவின் சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி ப்ளோயிங் ராக்கில் பார்க்வே ஏறினோம். 291-வது மைல்கல்லிலிருந்து 304-வது மைல்கல், லின் கோவ் பாலம். அங்கே புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம். 13 மைல். அனுமதித்த மணிக்கு 45 மைல் வேகத்தில் போனால் இருபது நிமிடம்கூட ஆகாது.

முதல் வளைவிலேயே அவர் இருந்தார். 18-ல்.

சரி, வியூ பாயிண்டில் ஒதுங்கிவிடுவார் என்று பொறுத்தேன். வியூ பாயிண்ட் வந்தது. பிரேக் போட்டார். இண்டிகேட்டரும் போட்டார். ஆகா, மனுஷன்! ஒதுங்கவில்லை. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது, கையில் போன். மலையைப் படம் எடுத்தது. கை உள்ளே போனது. இண்டிகேட்டர் அணைந்தது. மறுபடி 18. அடுத்த வியூ பாயிண்ட்: பிரேக், இண்டிகேட்டர், கை, போன், 18. மோசஸ் கோன் மாளிகை போனது. ப்ரைஸ் ஏரி போனது. ஒதுங்குவதற்கென்றே வழிநெடுக இடம் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதெல்லாம் யாருக்கு? கரடிக்கா?

நடுவில் இரட்டை மஞ்சள் கோடு. ஓவர்டேக் பண்ண முடியாது. லாரிக்கு அனுமதி இல்லாத சாலை வேறு. இருந்திருந்தால் ஒரு லாரியின் பின்னாலாவது வேகமாகப் போயிருக்கலாம். மாப்பிள்ளை அழைப்புக் கார்கூட இதைவிட விரைவாக மண்டபம் சேரும், அதுவும் நாதஸ்வரத்தோடு.

"டென்ஷன் ஆகாதீங்க, ரிலாக்ஸ் பண்ணத்தானே வந்தோம்" என்றாள் மனைவி. அவளுக்கென்ன, பக்கவாட்டு ஜன்னல். 469 மைல் நீளச் சாலையில் ஒரு விளம்பரப் பலகை கிடையாது, கண்ணுக்கு இயற்கை மட்டுமே தெரிய வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது அவருடைய பம்பர் ஸ்டிக்கர். 'வாழ்க்கையை ரசியுங்கள்' என்று இருந்தது.

1935-ல் தொடங்கி 1987-ல் முடித்த சாலை இது. 52 வருடம் ஆனது. கட்டிய வேகத்திலேயே ஓட்டுவதுதான் மரியாதை என்று இவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடைசியாகச் சேர்த்த இணைப்பில்தான் அந்த லின் கோவ் பாலம் வருகிறது. மலையை வெட்டாமல், அதன் தோளை ஒட்டி வளைத்து வளைத்து 153 கான்கிரீட் துண்டுகளைக் கோத்துக் கட்டியது. அதில் நேரான துண்டு ஒன்றே ஒன்றுதான். அதற்குள்ளா இவரைத் தாண்டுவது? பாலத்தின் மேல் 12-க்கு இறங்கினார். கை நீண்டது.

ஐம்பது நிமிடம் கழித்து, பாலம் தாண்டி இருக்கும் பார்வையாளர் மையத்தில் நானே வண்டியைத் திருப்பினேன். அவர் நேரே போய்விட்டார், அதே 18-ல். இறங்கி முதுகை நிமிர்த்தவில்லை, பின்னாலேயே வந்து நின்ற காரிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வேகத்தில் ஓட்டுகிறவர் ஒதுங்கி வழிவிடக் கூடாதா?" என்றார்.

என் வேன் உயரம். எனக்கு முன்னால் போன எஸ்யூவி அவருக்குத் தெரியவே இல்லை. 13 மைலும் அவர் பார்த்தது என் பம்பரைத்தான். அவருக்குப் பின்னால் இன்னும் பதினைந்து கார் வந்தது, எல்லோர் முகமும் என் பக்கம். மனைவி சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வடாம் டப்பா வீட்டிலேயே இருந்துவிட்டது என்று அவள் சொன்னதும் அப்போதுதான்.

இதாவது போகட்டும். ஞாயிறு காலை 7 மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இலை ஊதும் மிஷினைக் கிளப்பினார். மலையில் நான் பார்க்கப் போன அதே சிவப்பு மேப்பிள், அவர் வாசலிலேயே நிற்கிறது. ஊதிய இலையெல்லாம் எங்கே வந்து விழுந்தது தெரியுமா? நான் சனிக்கிழமை இரவு கழுவி நிறுத்திய வேன் மேல்.